நாலு வயதுக் குழந்தைக்குத் தமிழில் வாசித்துக் காட்ட எப்படிக் கதை தேர்ந்தெடுப்பது?

ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஆறரை. இரண்டு பேரும் ஆங்கில மீடியம். ராத்திரி தூங்கப்போகும் முன் தமிழ்க் கதை வாசித்துக் காட்ட ஆசை. கெட்டி அட்டை போட்ட நீதிக்கதைத் தொகுப்பு ஒன்று வாங்கினேன். இரண்டாம் பக்கம் வருவதற்குள் சின்னவள் எழுந்து ஓடிவிடுகிறாள். பெரியவன் 'புரியலைம்மா' என்கிறான். நான் வாசிக்கும் விதம் தப்பா, கதை தப்பா?"

உங்கள் மேல் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பதினொரு வருடமாக எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை காலையில் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிறேன். முதல் வருடம் முழுக்க எனக்கும் இதேதான் நடந்தது. நல்ல கதை என்று நினைத்து எடுத்துப் போவேன். பாதியில் ஒருவன் ஜன்னலுக்குப் போவான், ஒருத்தி தண்ணீர் கேட்பாள். கதை நல்ல கதைதான். ஆனால் அதை எழுதியவர் கண்ணால் படிக்கிறவருக்காக எழுதியிருந்தார். காதால் கேட்கிற குழந்தைக்கு அந்த வாக்கியங்கள் போய்ச் சேரவில்லை. இது புரிந்த பிறகு கதை தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். இப்போதெல்லாம் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால், கடையாக இருந்தாலும் சரி, நூலகமாக இருந்தாலும் சரி, முதல் பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பேன். நாக்கு எங்கே தடுக்குகிறதோ, குழந்தையின் காதும் அங்கேதான் தடுக்கும்.

எங்கே தடுக்கும் என்று ஒரு உதாரணம் காட்டுகிறேன். நம் எல்லோருக்கும் தெரிந்த காக்கா வடைக் கதை. தொகுப்புகளில் அது பெரும்பாலும் இந்தத் தினுசில் இருக்கும்: "அடர்ந்த வனத்தின் நடுவே இருந்த ஆலமரத்தின் கிளையில் அமர்ந்து வடையைத் தின்னத் தொடங்கிய காகத்தைக் கண்ட நரி ஒன்று அதனை ஏமாற்ற எண்ணியது." வாசிப்பவருக்கு இதில் கஷ்டம் எதுவும் இல்லை. கேட்கிற குழந்தையின் இடத்தில் இருந்து பாருங்கள். முதலில் வனம் வருகிறது, அப்புறம் ஆலமரம், கிளை, வடை, காகம். இவ்வளவையும் மனதில் சுமந்துகொண்டு காத்திருந்தால் ஆறாவதாக வருகிறது நரி. இந்த வாக்கியம் யாரைப் பற்றியது என்பதே அப்போதுதான் தெரிகிறது. தமிழில் 'இருந்த', 'தொடங்கிய', 'கண்ட' என்று எச்சங்களை எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம், மொழி தாங்கும். நாலு வயதுக் காது தாங்காது. கண் என்றால் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும், காதுக்கு அந்த வசதி கிடையாது.

அதையே இப்படி வைத்தால்: "ஒரு காக்கா. அதன் வாயில் ஒரு வடை. பறந்துபோய் மரத்தில் உட்கார்ந்தது. மரத்தடிக்கு ஒரு நரி வந்தது. மேலே பார்த்தது." ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரே ஒரு புதுச் சேதி. யார் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. சின்னவள் ஓடமாட்டாள், நரி என்ன செய்யப் போகிறது என்று பார்க்க உட்கார்ந்திருப்பாள். ஆக, புத்தகத்தைத் திறந்ததும் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம், வாக்கியத்தில் 'யார்' எவ்வளவு சீக்கிரம் வருகிறார் என்பது. பக்கத்துக்கு இரண்டு மூன்று வாக்கியம், ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் முடிகிற அளவு. இப்படி எழுதப்பட்ட கதை கிடைத்தால் விடாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், பேச்சு வரும் இடம். எழுத்தில் பேச்சு முதலில் வரும், 'என்று நரி கேட்டது' என்பது கடைசியில் வரும். வாசிக்கும்போது குழந்தைக்கு, யார் பேசினார்கள் என்பது பேசி முடித்த பிறகுதான் தெரியும். அதனால் பேச்சு நிறைய உள்ள கதை என்றால், வாசிக்கும்போது 'நரி கேட்டது' என்பதை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். அல்லது குரலை மாற்றுங்கள். குரல் மாற்றுவதற்கு நடிப்புத் திறமை எதுவும் வேண்டாம். நரிக்குக் கொஞ்சம் மெதுவாக, காக்காவுக்குக் கொஞ்சம் வேகமாக, அவ்வளவு போதும். இரண்டு மூன்று பேர் மட்டும் பேசுகிற கதையைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதுதான் காரணம். ஐந்து மிருகங்கள் மாறி மாறிப் பேசினால் வாசிப்பவருக்கே குழம்பும்.

இனி உங்கள் மகன் சொன்ன 'புரியலைம்மா'. நம் மொழியில் இது பெரிய விஷயம், கொஞ்சம் நின்று பேச வேண்டும். வீட்டில் 'போனான்', 'வந்துச்சு' என்று பேசுகிறோம். புத்தகத்தில் 'சென்றான்', 'வந்தது' என்று இருக்கிறது. ஆங்கில மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் காதில் விழுகிற இடம் தமிழ் வகுப்பு மட்டும்தான், அங்கேயும் பாதி நேரம் கேள்வி பதில் எழுதுவதில் போய்விடும். 'கானகம்', 'உவகை', 'வினவியது' எல்லாம் அவனுக்கு வேற்று மொழி மாதிரி. அதற்காக எல்லாவற்றையும் பேச்சுத் தமிழாக மாற்றிச் சொல்லிவிடலாமா? சிலர் அப்படித்தான் செய்யச் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எழுத்துத் தமிழைப் பயமில்லாமல் கேட்கிற ஒரே இடம் அம்மா மடியாகவோ அப்பா தோளாகவோ இருக்கும்போது, அதையும் எடுத்துவிட்டால் பிள்ளை தானாகப் புத்தகம் எடுத்து வாசிக்கும் நாளில் அந்த மொழி அந்நியமாகவே நிற்கும்.

நான் செய்வது இதுதான். மூன்று நாலு வயதுக்குக் கதையை ஏறக்குறைய பேச்சுத் தமிழிலேயே சொல்வேன். ஐந்து வயதுக்கு மேல், கதை நகரும் வாக்கியங்களைப் புத்தகத்தில் உள்ளபடியே எளிய எழுத்துத் தமிழில் வாசிப்பேன், பாத்திரங்கள் பேசுவதை மட்டும் வாய்ப்பேச்சில் பேசுவேன். "நரி மரத்தடியில் நின்றது. மேலே பார்த்தது. 'காக்கா காக்கா, ஒரு பாட்டுப் பாடேன், கேட்டு ரொம்ப நாளாச்சு!'" இரண்டு தமிழும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, ஒன்றைக் கொண்டு இன்னொன்றைக் குழந்தை பிடித்துக்கொள்கிறது. ஒரு கதைக்கு இரண்டு மூன்று புதுச் சொல் இருக்கட்டும். அர்த்தம் சொல்லாமல் அடுத்த வாக்கியத்தில் பழைய சொல்லைப் போட்டு வாசியுங்கள். "நரி மகிழ்ந்தது. அதுக்கு ஒரே சந்தோஷம்." போதும். இப்போது வருகிற பல சிறார் புத்தகங்களில் உரையாடலைப் பேச்சு வழக்கிலேயே அச்சிடுகிறார்கள். வாங்கும்போது அதையும் பாருங்கள், உங்கள் வேலை பாதி குறையும். பக்கம் முழுக்கக் 'கானக'மும் 'வினவிய'தும் நிறைந்த புத்தகத்தை எட்டு வயதுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வாசித்துக் காட்டும் கதையில் குழந்தையின் வாய்க்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி, ஒரு கேள்வி, ஒரு சத்தம். நம் பாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஈ தன் பெயரை மறந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈ தன் பெயரை மறந்துவிட்டது. போய்க் கன்றுக்குட்டியைக் கேட்கிறது, "கொழு கொழு கன்றே, என் பேர் என்ன?" கன்றுக்குத் தெரியவில்லை, அம்மாவைக் கேள் என்கிறது. "கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, என் பேர் என்ன?" அப்புறம் தாயை மேய்க்கும் ஆயன், ஆயன் கைக் கோல், கோல் வெட்டிய மரம், மரத்தில் இருக்கும் கொக்கு, கொக்கு குளிக்கும் குளம், குளத்து மீன். ஊருக்கு ஊர் சங்கிலி மாறும், ஒவ்வொரு கண்ணி சேரும்போதும் முதலில் இருந்து சொல்ல வேண்டும். ஒரு அடி முடிகிற சொல்லில் அடுத்தது தொடங்குகிறது, நம் அந்தாதி மாதிரி. அதனால்தான் எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அது மனதில் நின்றுவிடுகிறது. கடைசியில் குதிரையிடம் போய்க் கேட்கும்போது குதிரை 'ஈஈஈ' என்று கனைக்கும்.

இந்தக் கதையை வாசிக்கும்போது நடப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். முதல் மூன்று கண்ணி வரை பிள்ளைகள் சும்மா கேட்பார்கள். நாலாவதில் ஒரு குரல் கூடச் சேரும். ஆறாவது வரும்போது நான் நிறுத்திவிடுவேன், அவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள். ஒரு தடவை, வந்த நாளில் இருந்து வாயே திறக்காமல் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெண், குதிரை வருவதற்கு முன்னாலேயே எழுந்து நின்று 'ஈ!' என்று கத்தினாள். ஈயின் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது, கதையில் இருக்கிற யாருக்கும் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் இந்த மாதிரிக் கதைகளைத் தேடித் தேடிச் சேர்க்க ஆரம்பித்தேன்.

சத்தத்துக்கு நம் மொழியில் பஞ்சமே இல்லை. சலசல, கடகட, மொறுமொறு, தடதட, குடுகுடு. இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்று தொல்காப்பியம் சொல்வதைப் பள்ளியில் படித்திருப்போம். குழந்தைக்கு அது இலக்கணமே இல்லை, விளையாட்டு. யானை 'தொம் தொம்' என்று நடக்கிற கதையும், மழை 'சடசட' என்று விழுகிற கதையும் எப்போதும் ஜெயிக்கும். மொழிபெயர்த்து வந்த படக்கதைகளைப் பார்க்கும்போது இதைச் சோதித்துப் பாருங்கள்: மூலத்தில் இருந்த சத்தத்தை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டார்களா, தமிழ்க் காதுக்குப் பழகிய சத்தமாக மாற்றியிருக்கிறார்களா? நல்ல மொழிபெயர்ப்பாளர் யார் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

நீதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வாங்கியது நீதிக்கதைத் தொகுப்பு என்பதால். கதை முடிந்ததும் 'இக்கதையின் நீதி' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கும் வரியை வாசிக்காதீர்கள். கதை கேட்ட குழந்தை அந்த நிமிடம் எதையோ யோசித்துக்கொண்டிருக்கும். நாம் நீதியைச் சொன்னதும் அந்த யோசனை நின்றுபோகும். காக்கா வடைக் கதை முடிந்து நான் பேசாமல் இருந்த ஒரு சனிக்கிழமை, ஐந்து வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "வடை போச்சே, பாட்டிக்கு யாரு காசு குடுப்பா?" அதுவரை எனக்கு அந்தப் பாட்டியைப் பற்றி நினைக்கவே தோன்றியதில்லை. அன்றைக்கு மீதி நேரம் முழுக்கப் பாட்டியைப் பற்றித்தான் பேசினோம்.

பஞ்சதந்திரம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ராஜகுமாரர்களுக்கு அரசியல் சொல்லிக்கொடுப்பதற்காக விஷ்ணுசர்மா சொன்னது என்ற சட்டகத்தில் அமைந்த நூல் அது. நட்பைப் பிரிப்பது, எதிரியை ஏமாற்றுவது எல்லாம் அதில் பாடம். கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை என்று போகும். நாலு வயதுக்கு அந்த அடுக்கு வேண்டாம். தனியாக எடுத்தால் குரங்கும் முதலையும், சிங்கமும் முயலும் ஐந்து ஆறு வயதுக்கு அருமையானவை. சின்னது தப்பிக்கிறது, புத்தியால் தப்பிக்கிறது. கொக்கு குளத்து மீன்களை ஒவ்வொன்றாக ஏமாற்றித் தூக்கிப் போய்த் தின்னும் கதையை நான் ஏழு வயதுக்குக் கீழே வாசிப்பதில்லை. தெனாலிராமன் கதைகளில் சிரிப்பு வர, சொல்வது ஒன்றும் நினைப்பது ஒன்றுமாக இருப்பதைப் பிடிக்கத் தெரிய வேண்டும். உங்கள் மகனுக்கு இன்னும் ஒரு வருடத்தில் அது வந்துவிடும். விக்கிரமாதித்தன் வேதாளத்துக்கு அவசரமே இல்லை.

பயம் வருகிற கதையே கூடாது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அதுவும் வேண்டாம். புலி வரட்டும், இருட்டு வரட்டும். அதே உட்காரலில், அதே மடியில், கதை முடிவதற்குள் அந்தச் சின்னஞ்சிறுசு பத்திரமாக வீடு திரும்பிவிட வேண்டும். அது ஒன்றுதான் நான் பார்ப்பது. படுக்கும் நேரத்துக்கு மட்டும் ஓட்டமும் துரத்தலும் உள்ள கதைகளை விட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்புவதில், சாப்பிடுவதில், தூங்குவதில் முடிகிறவற்றை எடுங்கள். துரத்தல் கதைகளை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

புலியை விட நான் கவனமாகப் பார்ப்பது வேறு விஷயங்களை. கறுப்பாக இருப்பது அசிங்கம், குண்டாக இருப்பவர் முட்டாள், சித்தி என்றால் கொடுமைக்காரி, திக்கிப் பேசுபவரைப் பார்த்துச் சிரிக்கலாம், இப்படியெல்லாம் பழைய கதைகளில் சர்வசாதாரணமாக வரும். 'அத்திரிபாச்சா கொழுக்கட்டை' கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன் பெயர் மறக்காமல் இருக்க 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' என்று சொல்லிக்கொண்டே வருவான். வழியில் ஒரு பள்ளத்தை 'அத்திரிபாச்சா' என்று தாண்டுவான், அதோடு கொழுக்கட்டை மறந்து அத்திரிபாச்சா வாயில் ஒட்டிக்கொள்ளும். வாய்விட்டு வாசிக்க இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. ஆனால் முடிவில், அத்திரிபாச்சா செய்யத் தெரியவில்லை என்று பெண்டாட்டியை அடிப்பான். கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கும், பெயர் ஞாபகம் வரும். இதைப் பிள்ளைகள் சிரிக்கும்படி என்னால் வாசிக்க முடியாது. எனக்குத் தெரிந்த சில வீடுகளில் பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். அதனால் என் கதையில் அவன் அவசரமாக வீட்டுக்குள் நுழைந்து நிலைப்படியில் முட்டிக்கொள்வான், நெற்றி கொழுக்கட்டை மாதிரி புடைக்கும், பெண்டாட்டி எண்ணெய் தடவிக்கொண்டே பெயரைச் சொல்லிவிடுவாள். சிரிப்பு கொஞ்சமும் குறைவதில்லை. நாட்டுப்புறக் கதைகள் சொல்லிச் சொல்லி மாறி வந்தவை. உங்கள் வாயிலும் கொஞ்சம் மாறலாம், தைரியமாக மாற்றுங்கள். ஒருவர் பெயர் போட்டு எழுதிய கதை என்றால் மாற்றாமல் வேறு கதை எடுத்துவிடுவேன்.

வேறு வேறு வயதில் இருக்கும் இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைப்பது பற்றி: கதையைச் சின்னவளுக்காகத் தேர்ந்தெடுங்கள், வேலையைப் பெரியவனுக்குக் கொடுங்கள். திரும்பத் திரும்ப வரும் வரியை அவன் புத்தகத்தில் பார்த்து வாசிக்கட்டும். ஒரே வரி, பத்து தடவை. முதல் தடவை எழுத்துக் கூட்டுவான், மூன்றாவது தடவை கண்ணால் பிடித்துவிடுவான். தமிழ் வாசிக்கப் பயப்படுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் அவள், நடுவில் நீங்கள், படம் இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி. பக்கத்தைத் திருப்பும் முன் ஒரு நொடி நில்லுங்கள். நல்ல படக்கதையில் ஆச்சரியம் அடுத்த பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். எதிர்ப் பக்கத்துப் படத்திலேயே முடிவு தெரிந்துவிடும் புத்தகத்தை வாங்கவேண்டாம்.

எங்கே கிடைக்கும் என்றால், செலவே இல்லாமல் தொடங்க பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளம் இருக்கிறது. 2015-இல் தொடங்கியது. திறந்த உரிமத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய உள்ளன, தரவிறக்கி அச்செடுத்தும் வைத்துக்கொள்ளலாம். கதைகளை நாலு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள், இப்போதைக்கு முதல் இரண்டு நிலை உங்களுக்குப் போதும். பல கைகள் மொழிபெயர்த்தவை என்பதால் நடை கதைக்குக் கதை மாறும், வாய்விட்டு வாசித்துப் பார்த்தே எடுங்கள். சென்னையில் இருக்கும் தூலிகா பதிப்பகத்தார் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே அச்சிட்ட இருமொழிப் படக்கதைகளும் போடுகிறார்கள். அப்பாவுக்குத் தமிழ் வாசிக்கத் தயக்கம் என்றால் அவை உதவும். பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை இரண்டும் விலை குறைவு. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்காக 2023-இல் நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையில் சின்னச் சின்னப் புத்தகங்கள் கொடுத்தார்கள். தெரிந்த ஆசிரியர் யாராவது இருந்தால் கேட்டு ஒரு பார்வை பாருங்கள், 'நுழை' புத்தகங்களின் வாக்கிய அளவு நான் மேலே சொன்ன மாதிரிதான். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் இருந்தால் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே பெரிய பகுதி இருக்கிறது. போய்த் தரையில் உட்கார்ந்து பத்துப் புத்தகத்தை வாசித்துப் பார்த்துவிட்டு, பிள்ளை திரும்ப வாசிக்கச் சொன்ன இரண்டை மட்டும் கடையில் வாங்குங்கள்.

அந்த 'திரும்ப' முக்கியம். ஒரு கதை பிடித்துவிட்டால் நாலு வயது அதையே இருபது நாள் கேட்கும். நமக்குத்தான் அலுக்கும், அவளுக்கு ஒவ்வொரு நாளும் அது இன்னும் கொஞ்சம் தன்னுடையதாகிறது. நாலாம் நாள் நீங்கள் ஒரு சொல்லை விட்டால் திருத்துவாள், பத்தாம் நாள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பொம்மைக்கு வாசித்துக் காட்டுவாள். ஆகவே வாங்கும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், இதை இருபது தடவை வாசிக்க எனக்குப் பிடிக்குமா என்று. பிடிக்காது என்றால் வைத்துவிடுங்கள். உங்கள் குரலில் அலுப்பு வந்தால் பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும்.

அந்தக் கெட்டி அட்டைத் தொகுப்பைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு மத்தியானம் பென்சிலோடு உட்காருங்கள். பெரும்பாலான கதைகளுக்கு இப்போது வயது வரவில்லை, அவற்றை அப்படியே விடுங்கள். ஐந்தாறு கதை தேறும். அவற்றில் நீளமான வாக்கியங்களுக்கு நடுவே கோடு போட்டுத் துண்டாக்குங்கள், 'வினவியது' மேல் 'கேட்டது' என்று எழுதுங்கள், பேச்சு வரும் இடத்தில் யார் பேசுகிறார்கள் என்று ஓரத்தில் 'கா', 'ந' என்று குறித்துக்கொள்ளுங்கள், கடைசி நீதி வரியை அடித்துவிடுங்கள். என்னிடம் இருக்கும் தொகுப்புகள் எல்லாமே இப்படிப் பென்சில் கிறுக்கலோடுதான் இருக்கின்றன. இன்று ராத்திரிக்கு அதுகூட வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு, புத்தகம் இல்லாமல், "ஒரு ஈ வீடு மெழுகிக்கிட்டு இருந்துச்சாம்" என்று ஆரம்பியுங்கள்.